கடைத் தராசுக்கு முத்திரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதிரி ஒப்புதல், முத்திரை இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. இவை வேறு வேறு ஆட்கள், வேறு வேறு காரணங்களுக்காகத் தருபவை. மாதிரி ஒப்புதல் என்பது ஒரு வடிவமைப்புக்குக் கிடைக்கும் அனுமதி. தராசு தயாரிப்பவர் தன் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதித்து, மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறையில் உள்ள சட்டமுறை எடையளவு இயக்குநரிடம் சான்று பெறுகிறார். முத்திரை என்பது உங்கள் கடையில் இருக்கும் அந்த ஒரு தராசுக்கு உரியது. அதை மாநில அரசின் அதிகாரி நேரில் சோதித்து இடுகிறார். தமிழ்நாட்டில் இந்த வேலை தொழிலாளர் துறையின் கையில் இருக்கிறது. தொழிலாளர் துணை ஆய்வர், உதவி ஆய்வர் என்று வருகிறவர்களைத்தான் கடைத்தெருவில் இன்றும் ‘முத்திரை ஆபீசர்’ என்கிறார்கள்.

இரண்டுக்கும் அடிப்படை சட்டமுறை எடையளவு சட்டம், 2009. இது 2011 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. பிரிவு 22 மாதிரி ஒப்புதலையும், பிரிவு 24 சரிபார்ப்பையும் முத்திரையையும் சொல்கின்றன. ஒப்புதல் இல்லாத மாதிரிக்கு முத்திரை கிடைக்காது. ஒப்புதல் இருந்தாலும் முத்திரை இல்லாவிட்டால் அந்தத் தராசில் வியாபாரம் செய்யக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மாதிரி ஒப்புதல் வேண்டுமா?

வேண்டாம். வார்ப்பிரும்பு, பித்தளை எடைக்கற்கள், காரட் எடைகள், இருபுறமும் தட்டு தொங்கும் விட்டத் தராசு, துணியும் மரமும் அளக்கும் மீட்டர் கோல், சில்லறை வியாபாரத்தில் பால், மண்ணெண்ணெய் ஊற்றும் 20 லிட்டருக்கு உட்பட்ட அளவைகள் ஆகியவற்றுக்குச் சட்டமே விலக்கு தருகிறது. இவற்றின் வடிவமும் பொருளும் விதிகளிலேயே வரையறுக்கப்பட்டுவிட்டதால் தனி ஒப்புதல் தேவைப்படவில்லை. ஆனால் முத்திரைக்கு விலக்கு கிடையாது. 1 கிலோ படிக்கல்லுக்கும் முத்திரை வேண்டும்.

மாதிரியை எங்கே சோதிக்கிறார்கள்? என்னதான் பார்க்கிறார்கள்?

மத்திய அரசின் மண்டல மேற்கோள் தர ஆய்வகங்கள் பெங்களூரு, அகமதாபாத், புவனேஸ்வர், பரீதாபாத், குவாஹாட்டி முதலிய ஊர்களில் உள்ளன. திரவ ஓட்ட மீட்டர்களுக்குப் பாலக்காட்டில் உள்ள திரவக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி நிறுவனம் பெயர் பெற்றது.

எலக்ட்ரானிக் தராசுக்கான சோதனைகள் பன்னாட்டுச் சட்ட அளவியல் அமைப்பின் 76ஆம் பரிந்துரையை ஒட்டியவை. எடை சரியாகக் காட்டுகிறதா என்பது அதில் முதல் படி மட்டும்தான். தராசை மைனஸ் 10 டிகிரியிலும் 40 டிகிரியிலும் வைத்துப் பார்க்கிறார்கள். 85 சதவீத ஈரப்பதத்தில் வைக்கிறார்கள். மின்னழுத்தத்தை 15 சதவீதம் குறைத்தும் 10 சதவீதம் கூட்டியும் பார்க்கிறார்கள். கையிலிருந்து பாயும் நிலைமின்சாரம், வயரில் வரும் மின்துடிப்பு ஆகியவற்றையும் கொடுத்துப் பார்க்கிறார்கள். முழு எடையை அரை மணி நேரம் தட்டிலேயே விட்டு, காட்டும் எண் நகர்கிறதா என்று கவனிக்கிறார்கள். 100 கிலோவுக்கு உட்பட்ட தராசு என்றால் பாதிக் கொள்ளளவு எடையை 1,00,000 முறை ஏற்றி இறக்குவதும் உண்டு.

இதையெல்லாம் கடையில் வைத்துச் செய்ய முடியாது. வெயிலில் நிற்கும் தள்ளுவண்டியிலும் ஜெனரேட்டர் ஓடும் மண்டியிலும் தராசு சரியாக நிற்குமா என்பதற்கு ஒப்புதல்தான் உத்தரவாதம். அதனால்தான் ஒப்புதல் அறிவிக்கையில் ஒரு நிபந்தனை தவறாமல் வரும்: பொருள், துல்லியம், வடிவமைப்பு, மின்சுற்று எதையும் விற்பனைக்கு முன்போ பின்போ மாற்றக் கூடாது. ‘லோட் செல் அந்தக் கம்பெனியுது கிடைக்கல, வேற போட்டுட்டேன்’ என்று பழுது பார்ப்பவர் சொன்னால் (லோட் செல் என்பது தட்டுக்கு அடியில் எடையை உணரும் பாகம்), உங்கள் தராசு ஒப்புதல் பெற்ற மாதிரி என்ற தகுதியை இழந்துவிடுகிறது.

புதுத் தராசு வாங்கும்போது தகட்டில் என்ன பார்க்க வேண்டும்?

தயாரிப்பாளர் பெயர், மாடல் பெயர், வரிசை எண், துல்லிய வகுப்பு, மேக்ஸ், மின், ஈ, மாதிரி ஒப்புதல் எண். இத்தனையும் தகட்டில் அழியாமல் பதிந்திருக்க வேண்டும். ஒப்புதல் எண் ‘ஐஎன்டி/09/’ என்று தொடங்கி, ஆண்டும் வரிசை எண்ணும் தொடரும்.

மேக்ஸ் என்பது அதிகபட்ச எடை. மின் என்பது குறைந்தபட்ச எடை. அதற்குக் கீழே அந்தத் தராசில் நிறுக்கக் கூடாது. ஈ என்பது சரிபார்ப்பு இடைவெளி; பிழைக் கணக்கு முழுவதும் இந்த ஈ மதிப்பை வைத்துத்தான். வகுப்பு நான்கு: தனிச்சிறப்பு (1), உயர் (2), நடுத்தரம் (3), சாதாரணம் (4). மளிகை, காய்கறி, இறைச்சிக் கடைகளில் இருப்பது 3ஆம் வகுப்பு. நகைக்கடையில் 2ஆம் வகுப்போ 1ஆம் வகுப்போ.

இணையத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சமையலறைத் தராசில் இந்தத் தகடு இருக்காது. வீட்டில் கேக் செய்ய அது போதும். கடையில் அதில் பொருளை நிறுத்து விற்றால், எவ்வளவு சரியாகக் காட்டினாலும் குற்றம்தான்.

எவ்வளவு பிழை வரை அனுமதி?

காய்கறிக் கடையில் அதிகம் காணப்படும் 30 கிலோ தராசையே எடுத்துக்கொள்வோம். 3ஆம் வகுப்பு, ஈ 5 கிராம். 3ஆம் வகுப்புக்கு மின் என்பது ஈயைப் போல் 20 மடங்கு, ஆக 100 கிராம். முத்திரையிடும்போது 500 ஈ வரை, அதாவது 2.5 கிலோ வரை, பிழை அரை ஈ: 2.5 கிராம் கூடலாம், குறையலாம். 2,000 ஈ வரை, அதாவது 10 கிலோ வரை, ஒரு ஈ: 5 கிராம். அதற்கு மேல் 30 கிலோ வரை ஒன்றரை ஈ: 7.5 கிராம். கடையில் பயன்பாட்டில் இருக்கும்போது நடக்கும் ஆய்வில் இதைப் போல் இரு மடங்கு வரை பொறுத்துக்கொள்ளப்படும்.

இந்தக் கணக்கிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரியும். முதலாவது, அந்தத் தராசில் 50 கிராம் ஏலக்காய் நிறுப்பது தவறு. பயன்பாட்டில் 5 கிராம் வரை பிழை அனுமதி உண்டு. 50 கிராமில் அது பத்தில் ஒரு பங்கு. ஏலக்காய் விலைக்கு அது எவ்வளவு பணம் என்று வாங்குகிறவர்தான் கணக்குப் பார்க்க வேண்டும். மசாலா விற்கும் கடைக்கு ஈ 1 கிராமோ அதற்குக் குறைவோ உள்ள சின்னத் தராசு தனியாக வேண்டும்.

இரண்டாவது, நெல் மூட்டையில் ஒரு கிலோ குறைந்தால் ‘மெஷின் கொஞ்சம் முன்னபின்ன இருக்கும்’ என்று சொல்வதை ஏற்க வேண்டியதில்லை. 100 கிலோ மேடைத் தராசில் ஈ 10 கிராம் என்றால், 40 கிலோ மூட்டைக்குப் பயன்பாட்டில் அனுமதிக்கப்படும் பிழை 30 கிராம். முத்திரையிட்ட தராசில் ஒரு கிலோ வித்தியாசம் வந்தால் தராசு கெட்டிருக்கிறது அல்லது நிறுப்பவர் ஏதோ செய்கிறார். மூன்றாவதாக ஒரு விளக்கம் இல்லை.

நகைக்கடைத் தராசில் மூக்குத்தி நிறுக்கலாமா?

தகட்டில் உள்ள மின் மதிப்பைப் பாருங்கள். 600 கிராம் தராசு, 2ஆம் வகுப்பு, ஈ 10 மில்லிகிராம், டிஸ்பிளேயும் 10 மில்லிகிராம் படியிலேயே ஏறுகிறது என்றால் மின் 200 மில்லிகிராம். 150 மில்லிகிராம் மூக்குத்தியை அதில் நிறுக்கக் கூடாது. ஈ 1 மில்லிகிராம் உள்ள தராசில் மின் 20 மில்லிகிராம் வரை இறங்கும், அதில் நிறுக்கலாம்.

ஒரு பவுனுக்கு, அதாவது 8 கிராமுக்கு, அந்த 600 கிராம் தராசில் முத்திரையின்போது பிழை எல்லை 5 மில்லிகிராம், பயன்பாட்டில் 10 மில்லிகிராம். கண்ணாடிக் கூண்டின் கதவைத் திறந்து வைத்து, மேலே ஃபேன் ஓடும்போது நிறுத்தால் இந்த எல்லையைக் காற்றே தாண்ட வைத்துவிடும். கூண்டை மூடி, எண் நிலைத்த பிறகு படிக்கச் சொல்லுங்கள்.

முத்திரையிடும்போது அதிகாரி என்ன செய்கிறார்?

தகட்டை ஒப்பிடுகிறார். குமிழ்மட்டத்தில் குமிழ் வட்டத்துக்குள் நிற்கிறதா என்று பார்க்கிறார். தராசைச் சூடேற விட்டுப் பூஜ்யத்தைச் சரிபார்க்கிறார். பிறகு மின் எடை, 2.5 கிலோ, 10 கிலோ, 30 கிலோ என்று பிழை எல்லை மாறும் இடங்களில் திட்ட எடைகளை ஏற்றியும் இறக்கியும் பார்க்கிறார். ஒரே எடையைப் பலமுறை வைத்தால் ஒரே எண் வருகிறதா என்பதும் முக்கியம்.

மூலைச் சோதனை என்று ஒன்று உண்டு. கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கை, 30 கிலோ தராசுக்கு 10 கிலோவை, தட்டின் நான்கு கால்பகுதிகளிலும் தனித்தனியாக வைப்பது. எங்கே வைத்தாலும் 5 கிராமுக்குள் நிற்க வேண்டும். கீழே விழுந்த தராசு, தட்டில் மூட்டையைத் தொப்பென்று போட்டுப் போட்டு லோட் செல் வளைந்த தராசு, இந்தச் சோதனையில்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். நடுவில் வைத்தால் சரியாகக் காட்டும். ஓரத்தில் 20 கிராம் ஓடும்.

டிஸ்பிளே 5 கிராம் படியில்தான் ஏறுகிறது, அதற்குள் இருக்கும் பிழையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்கலாம். அதற்கு ஈயில் பத்தில் ஒரு பங்கு, அதாவது அரை கிராம் எடைகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கிறார்கள். 10 கிலோ வைத்தபோது 10.000 என்று காட்டுகிறது. அரை கிராம், இன்னொரு அரை, மூன்றாவது அரை வைத்ததும் 10.005க்குத் தாவுகிறது. எண் தாவுவது அரை ஈயில், அதாவது 2.5 கிராமில். சேர்த்தது 1.5 கிராம். ஆக உண்மையில் தராசு உணர்ந்தது 10 கிலோவும் 2.5 கழித்தல் 1.5 கிராமும், பிழை 1 கிராம் கூடுதல். திரையில் பூஜ்யம் பிழை போலத் தெரிந்த இடத்தில் இப்படி ஒரு கிராம் ஒளிந்திருக்கும்.

எல்லாம் சரி என்றால் தகட்டில் முத்திரை விழும். ஆண்டும் காலாண்டும் அதில் இருக்கும். காலாண்டை ஏ, பி, சி, டி என்ற எழுத்துகளால் குறிக்கிறார்கள். தராசின் உடலைத் திறக்க முடியாதபடி துளை வழியே கம்பி கோத்து ஈய முத்திரை போடுவார்கள். சரிபார்ப்புச் சான்றிதழ் தருவார்கள். அதைக் கடையில் கண்ணில் படும் இடத்தில் மாட்டி வைக்க வேண்டும்.

எத்தனை காலத்துக்கு ஒருமுறை மறுமுத்திரை?

எலக்ட்ரானிக் தராசு, லாரி நிறுக்கும் எடைமேடை, பெட்ரோல் பம்ப், டேங்கர் லாரி ஆகியவற்றுக்கு 12 மாதம். எடைக்கற்கள், லிட்டர் அளவைகள், மீட்டர் கோல், டேப், விட்டத் தராசு ஆகியவற்றுக்கு 24 மாதம். சேமிப்புத் தொட்டிகளுக்கு 60 மாதம்.

தேதி வருவதற்கு முன்பே தொழிலாளர் துறையின் இணையதளத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்துங்கள். சிறிய தராசை அலுவலகத்துக்கோ முகாமுக்கோ கொண்டுபோகலாம். பெயர்க்க முடியாதவற்றை இருக்கும் இடத்திலேயே வந்து பார்ப்பார்கள். காலம் தவறினால் கடந்த ஒவ்வொரு காலாண்டுக்கும் கூடுதல் கட்டணம் சேரும்.

காலம் முடியாவிட்டாலும் மறுமுத்திரை தேவைப்படும் சமயங்கள் உண்டு: பழுது பார்த்துச் சீல் உடைத்தால், நிறுவிய இடத்திலேயே முத்திரையிட்ட கருவியைப் பிரித்து வேறிடத்தில் அமைத்தால். பழுது பார்ப்பவருக்கு உரிமம் இருக்க வேண்டும் (பிரிவு 23). உரிமம் இல்லாதவர் சீலை வெட்டிவிட்டுப் போனால் பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர்தான்.

சென்னையில் முத்திரையிட்ட தராசை ஊட்டிக்குக் கொண்டுபோகலாமா?

எலக்ட்ரானிக் தராசு உண்மையில் அளப்பது எடைவிசையை. அது புவியீர்ப்பைப் பொறுத்தது. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே இருப்பதால் அங்கே ஈர்ப்பு கொஞ்சம் குறைவு. சென்னையில் சரிசெய்த தராசு ஊட்டியில் 10 கிலோவுக்குச் சுமார் 5 கிராம் குறைத்துக் காட்டும். மேலே சொன்ன 30 கிலோ தராசின் எல்லையை அதுவே தின்றுவிடும். டெல்லியில் சரிசெய்தது சென்னைக்கு வந்தால் 10 கிலோவுக்குச் சுமார் 8 கிராம் குறையும். அதனால் பயன்படுத்தும் ஊரிலேயே, உரிமம் பெற்றவரைக் கொண்டு அளவு திருத்தி, முத்திரையிட வேண்டும். இருபுறமும் தட்டு உள்ள விட்டத் தராசுக்கு இந்தத் தொல்லை இல்லை. கல்லும் பொருளும் ஒரே ஈர்ப்பில் இருப்பதால் இரண்டும் சேர்ந்தே குறையும்.

எடைமேடை வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

60 டன் மேடை, ஈ 10 கிலோ என்றால், 20 டன்னுக்கு மேல் முத்திரையின்போது 15 கிலோ, பயன்பாட்டில் 30 கிலோ பிழை வரை அனுமதி. மேடைக் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு அல்லது ஒரு டன், இதில் எது குறைவோ அந்த அளவுக்கு முத்திரையிட்ட சோதனை எடைகளை உரிமையாளரே வைத்திருக்க வேண்டும். 60 டன் மேடைக்கு அது ஒரு டன்: 20 கிலோ கல் 50.

பெரும்பாலும் கெடுப்பது மண்தான். மேடைக்கும் சுற்றுச் சட்டத்துக்கும் இடையே ஜல்லியோ சேறோ அடைத்துக்கொண்டால் எடையில் ஒரு பகுதி லோட் செல்லுக்குப் போகாமல் சுவருக்குப் போகும். காட்டும் எண் குறையும். அடுத்தது, லோட் செல் வயர்கள் சேரும் ஜங்ஷன் பாக்ஸில் மழைநீர் இறங்குவது: காலையில் ஒரு எண், வெயில் ஏறியதும் வேறு எண். எலி கடித்த கேபிளும் இதே அறிகுறியைக் காட்டும். வாரம் ஒருமுறை காலி லாரி ஒன்றை மேடையின் முன், நடு, பின் என்று நிறுத்திப் பார்த்தால் ஒரு மூலை செத்திருப்பது உடனே தெரிந்துவிடும்.

மேடையைவிட நீளமான லாரியின் முன் அச்சைத் தனியாகவும் பின் அச்சைத் தனியாகவும் ஏற்றி இரண்டையும் கூட்டுவது சில இடங்களில் நடக்கிறது. அணுகுபாதை இம்மி சாய்ந்திருந்தாலும், பிரேக் பிடித்திருந்தாலும், எடை ஓர் அச்சிலிருந்து இன்னொன்றுக்கு நகரும். அந்தக் கூட்டுத்தொகையை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

பெட்ரோல் பங்கில் அளவு சரியா என்று நான் கேட்கலாமா?

கேட்கலாம். முத்திரையிட்ட 5 லிட்டர் அளவை ஒவ்வொரு பங்கிலும் இருக்கும். வாடிக்கையாளர் கேட்டால் அதில் அளந்து காட்ட வேண்டும். 5 லிட்டருக்கு 25 மில்லிலிட்டர் வரை வித்தியாசம் பொறுத்துக்கொள்ளப்படும். அளக்கும் முறையைக் கவனியுங்கள். காய்ந்த அளவையில் முதல் ஊற்றை எடுத்துக்கொள்ளக் கூடாது. உட்சுவரில் ஒட்டும் பெட்ரோலால் குறைவு போலத் தெரியும். ஒருமுறை நிரப்பிக் கொட்டி, சொட்டு வடிய விட்டு, சமதளத்தில் வைத்து இரண்டாவது ஊற்றைப் படிக்க வேண்டும். கழுத்தில் உள்ள கோட்டைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள்.

படி, உழக்கு, முழம் இவற்றில் விற்கலாமா?

கூடாது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே நாட்டின் அலகுகள் மெட்ரிக். இப்போதைய சட்டத்தின் பிரிவு 11 திட்ட அலகு அல்லாத எதிலும் விலை சொல்வதைத் தடை செய்கிறது. அரிசியைக் கிலோவில், எண்ணெயை லிட்டரிலோ கிலோவிலோ விற்க வேண்டும். முழத்தின் நீளம் பூக்காரரின் கைக்கு ஏற்ப மாறுகிறது. மீட்டரிலோ எடையிலோ விற்பதுதான் வாங்குகிறவருக்கு நியாயம். பூக்கடைகளுக்கு இது இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை. அபராதத்துக்கு முன்னால் ஒரு மீட்டர் கோலைக் கையில் கொடுத்துச் சொல்லிக்கொடுப்பது பலன் தரும் என்பது எங்கள் எண்ணம்.

வாங்குபவர் கடையில் நின்றபடியே என்ன சோதிக்கலாம்?

பொருள் வைப்பதற்கு முன் திரையில் பூஜ்யம் இருக்கிறதா என்று பாருங்கள். திரை உங்கள் பக்கமும் தெரிய வேண்டும். தட்டுக்கு அடியில் காகிதமோ பையோ செருகியிருக்கக் கூடாது. பாத்திரத்தில் வைத்து நிறுத்தால் முதலில் காலிப் பாத்திரத்தை வைத்து ‘டேர்’ அழுத்தச் சொல்லுங்கள். இனிப்புக் கடையில் அட்டைப்பெட்டியோடு சேர்த்து நிறுப்பது பெட்டியை இனிப்பு விலைக்கு விற்பது.

சந்தேகம் வந்தால் பொருளை இரண்டாகப் பிரித்துத் தனித்தனியே நிறுத்து, பிறகு சேர்த்து நிறுங்கள். கூட்டுத்தொகை ஓரிரு படிக்கு மேல் விலகினால் தராசில் கோளாறு. அதே பொருளைத் தட்டின் நடுவிலும் ஓரத்திலும் வைத்துப் பாருங்கள். பாக்கெட் உப்பை வைத்துச் சோதிப்பது சரியான வழியல்ல. பாக்கெட்டுக்கே தனிப் பிழை வரம்பு உண்டு, உறையின் எடையும் சேரும். ஒரே விகிதத்தில் எல்லாவற்றையும் கூட்டிக் காட்டும்படி அளவு திருத்தத்தையே மாற்றியிருந்தால் இந்தப் பிரித்து நிறுக்கும் சோதனையில் அகப்படாது. அப்போது பார்க்க வேண்டியது ஈயச் சீல் முழுசாக இருக்கிறதா, கம்பி வெட்டி முறுக்கியிருக்கிறதா என்பதை.

புகார் எங்கே கொடுப்பது?

உங்கள் மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில். தொழிலாளர் துறையின் டிஎன்-எல்எம்சிடிஎஸ் கைபேசிச் செயலியிலும் பதியலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கடையின் பெயர், இடம், தேதி, நேரம், ரசீது, தகடு தெரியும்படி ஒரு படம், முத்திரையில் உள்ள ஆண்டும் எழுத்தும் இருந்தால் வேலை வேகமாக நடக்கும். வாங்கிய பொருளைக் கலைக்காமல் வைத்திருங்கள். ஆய்வுக்கு வரும் அதிகாரிக்குப் பிரிவு 15இன்படி தராசைச் சோதிக்கவும் பறிமுதல் செய்யவும் அதிகாரம் உண்டு. முத்திரையில்லாத கருவியைப் பயன்படுத்துவது பிரிவு 33இன் கீழ் வரும்.

தராசு சோதனையில் தேறவில்லை என்றால் கடையை மூட வேண்டுமா?

வேண்டியதில்லை. அந்தத் தராசை மட்டும் ஓரமாக எடுத்து வையுங்கள். உரிமம் பெற்ற பழுது பார்ப்பவரிடம் கொடுத்துச் சரிசெய்து மீண்டும் சரிபார்ப்புக்கு வையுங்கள். முத்திரை விழும்வரை, முத்திரையிட்ட இன்னொரு தராசோ, கைவசம் முத்திரைக் காலம் முடியாத விட்டத் தராசும் படிக்கல்லும் இருந்தால் அவையோ போதும். பழுதான தராசைப் ‘பயன்படுத்தவில்லை’ என்று சொல்லிக் கல்லாவுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்காதீர்கள்; விற்பனை நடக்கும் இடத்தில் உள்ள தராசு பயன்பாட்டில் உள்ளதாகவே கருதப்படலாம். பிளக்கைப் பிடுங்கி, உள்ளறையில் வைத்து, பழுது பார்க்கக் கொடுத்த ரசீதைச் சான்றிதழோடு சேர்த்து வையுங்கள்.